சோயா மொச்சையில் சத்தான இரவுச் சமையல்: ஜாவா காட்டும் வழி

பயறு வகைகளில் புரதச்சத்து மிகுந்தது சோயா மொச்சை. நூறு கிராம் விதையில் 36 முதல் 40 கிராம் வரை புரதமும், 18 முதல் 20 கிராம் வரை எண்ணெயும் உள்ளன. துவரையிலும் உளுந்திலும் உள்ளதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு புரதம் இது. இருந்தும், நம் நாட்டில் சோயா விளைவிக்கும் குடும்பங்களின் அடுப்பில்கூட அது அதிகம் ஏறுவதில்லை. மூட்டையாக விற்பனைக்குப் போகிறது. எண்ணெய் ஆலையில் பிழியப்படுகிறது. பிண்ணாக்கின் பெரும்பகுதி கோழித் தீவனமாகிறது.

இதற்குக் காரணம் உண்டு. சோயா மொச்சை எளிதில் வேகாது. வெந்தாலும் ஒருவிதப் பச்சை வாடை போகாது. வயிற்றில் வாயு சேரும். பகல் முழுவதும் வயலிலோ வேலையிலோ இருந்துவிட்டு மாலையில் வீடு திரும்பி உலை வைக்கும் பெண்ணுக்கு, பல மணி நேரம் வேக வேண்டிய பயறு எந்த வகையில் உதவும்?

இந்தச் சிக்கலை இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். அவர்கள் சோயா மொச்சையை ஒரு பூசணத்தைக் கொண்டு புளிக்கவைத்து, வெள்ளை நிறக் கட்டியாக்கி, 'தெம்பே' என்ற பெயரில் அன்றாடம் உண்கிறார்கள். பல மணி நேரம் எடுக்கும் பயறு, தெம்பேயான பிறகு ஐந்தே நிமிடத்தில் சமைந்துவிடுகிறது.

தெம்பே என்பது என்ன?

தோல் நீக்கி வேகவைத்த சோயாப் பருப்பின் மீது 'ரைசோபஸ்' என்னும் பூசணத்தை வளர்ப்பதால் கிடைப்பது தெம்பே. பூசணத்தின் பஞ்சு போன்ற வெள்ளை இழைகள் பருப்புகளுக்கு இடையே நுழைந்து, அவற்றைப் பின்னிப் பிணைத்து, கத்தியால் துண்டு போடக்கூடிய உறுதியான கட்டியாக்குகின்றன. புதிய தெம்பேயில் காளானின் மணம் இருக்கும். வறுத்தால் கொட்டைப் பருப்பின் சுவை வரும்.

நம் இட்லி மாவும் புளிக்கவைத்ததே. ஆனால் இட்லி மாவில் வேலை செய்பவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள். அதனால் மாவு புளிப்பேறிப் பொங்குகிறது. தெம்பேயில் வேலை செய்வது பூசணம். அது புளிப்பதில்லை, பொங்குவதும் இல்லை. உளுந்தை ஊறவைத்துத் தோல் களையும் வேலை மட்டும் இரண்டுக்கும் பொது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட 'செரத் செந்தினி' என்னும் ஜாவா மொழி நூலில் தெம்பே பற்றிய குறிப்பு உள்ளது. 1895-இல் பிரின்சன் கீர்லிக்ஸ் என்னும் டச்சு விஞ்ஞானி இதன் பூசணத்தை ஆராய்ந்து எழுதினார். 1942 முதல் 1945 வரை ஜாவா ஜப்பானியர் வசம் இருந்தபோது, போர்க் கைதி முகாம்களில் சோயா மொச்சையை அப்படியே தின்றவர்களுக்கு அது செரிக்கவில்லை. அதையே தெம்பேயாக்கித் தின்றபோது வயிற்றுக் கடுப்பால் நலிந்தவர்களும் தாங்கிக்கொண்டார்கள். போருக்குப் பிறகு இச்செய்தி ஆராய்ச்சியாளர்களின் கவனத்தை ஈர்த்தது. 1960 முதல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டைன்கிராஸ் குழுவினர் தெம்பே பற்றி விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர்.

பூசணம் செய்யும் நன்மை

பூசணம் தன் வளர்ச்சிக்காகப் பல நொதிகளைச் சுரக்கிறது. அவை புரதத்தையும் கொழுப்பையும் ஓரளவு உடைத்துவிடுவதால் நம் வயிற்றின் வேலை பாதி குறைகிறது. பயறில் இரும்பு, துத்தநாகச் சத்துகளைப் பிணைத்து வைத்திருக்கும் 'பைட்டேட்' என்னும் பொருள் கணிசமாகக் குறைகிறது. அதனால் இச்சத்துகள் உடலில் கூடுதலாகச் சேர்கின்றன. வாயுவுக்குக் காரணமான சர்க்கரைப் பொருள்களில் பெரும் பகுதி ஊறவைத்த நீரிலும் வேகவைத்த நீரிலும் வெளியேறிவிடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதியைப் பூசணக் கட்டத்தில் இழக்கிறது.

நூறு கிராம் தெம்பேயில் 18 முதல் 20 கிராம் புரதம் உண்டு. இது ஏறக்குறைய மூன்று கோழி முட்டைகளில் உள்ள புரதத்துக்குச் சமம். அரிசியில் குறைவாக உள்ள 'லைசின்' சோயாவில் நிறைய உள்ளது; சோயாவில் குறைவாக உள்ள 'மெத்தியோனின்' அரிசியில் உண்டு. ஆகவே சோறும் தெம்பேயும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சோறும் பருப்பும் சேர்த்து உண்ணும் நம் வழக்கத்தின் அடிப்படையும் இதுவே.

ரிபோபிளேவின், நியாசின் ஆகிய வைட்டமின்கள் தெம்பேயில் கூடுகின்றன, தயாமின் குறைகிறது. வைட்டமின் பி12 தெம்பேயில் உண்டு என்று சொல்லப்படுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதை உண்டாக்குவது இந்தப் பூசணம் அல்ல. தற்செயலாக உடன் வளரும் சில பாக்டீரியாக்களே. சுத்தமாகச் செய்த தெம்பேயில் அது இல்லாமலும் போகலாம். சைவ உணவுக்காரர்கள் பாலையும் தயிரையும் விட்டுவிடாதிருப்பது நல்லது. சோயா ஒவ்வாதவர்களுக்குத் தெம்பேயும் ஒவ்வாது.

செய்யும் முறை

ஒரு கிலோ சோயா மொச்சைக்கான முறை கீழே தரப்படுகிறது. இதிலிருந்து ஒன்றரை கிலோவுக்கு மேல் தெம்பே கிடைக்கும்.

1. கல், சொத்தை, உடைந்த விதைகளை நீக்கிக் கழுவி, நிறைய நீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். ஜாவாவில் ஊறல் நீர் தானே சற்றுப் புளித்துவிடும். இந்தப் புளிப்பு தீய பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. புளிக்காத குளிர்ந்த இடங்களில் கடைசி வேகலின்போது இரண்டு மேஜைக்கரண்டி வினிகர் சேர்ப்பது வழக்கம்.

2. ஊறிய விதையைக் கையால் பிசைந்து தோலைக் கழற்ற வேண்டும். நீரூற்றிக் கலக்கினால் தோல் மேலே மிதக்கும்; வடித்துவிடலாம். பெருமளவில் செய்பவர்கள் கூடையிலிட்டுக் காலால் மிதித்துத் தோல் நீக்கினார்கள். இப்போது அதற்கு இயந்திரம் வந்துவிட்டது. தோல் இருந்தால் பூசணம் பருப்புக்குள் இறங்காது என்பதால் இந்த வேலையில் சோம்பல் கூடாது.

3. புதிய நீரில் அரை மணி முதல் முக்கால் மணி வரை வேகவைக்க வேண்டும். பல்லில் கடிபட வேண்டும், குழையக் கூடாது. மீதி வேலையைப் பூசணம் பார்த்துக்கொள்ளும்.

4. நீரை முற்றிலும் வடித்து, சுத்தமான துணியிலோ முறத்திலோ பரப்பி, மேற்பரப்பு உலரும்வரை ஆறவிட வேண்டும். தெம்பே கெடுவதற்கு முதல் காரணம் ஈரம் அதிகம் இருப்பதே. ஈரம் மிகுந்தால் பூசணத்தை முந்திக்கொண்டு பாக்டீரியா வளர்ந்து பிசுபிசுத்துவிடும்.

5. கைச்சூட்டுக்கு ஆறியதும் ஒரு தேக்கரண்டி உறைப்பொடியைத் தூவி நன்கு கலக்க வேண்டும். இந்த உறைப்பொடிக்கு இந்தோனேசிய மொழியில் 'ராகி' என்று பெயர். பெயரைக் கண்டு நம் கேழ்வரகு என்று எண்ணிவிடக் கூடாது. பழைய நாளில் ஜாவாவில் பூவரசுக்கு உறவான 'வாரு' மரத்தின் இலைகளையோ தேக்கிலைகளையோ பயன்படுத்தினார்கள். இலையின் அடிப்புறத்து நுண்ணிய மயிரில் பூசண விதைகள் ஒட்டிக்கொள்ளும். அந்த இலையை உலர்த்தி வைத்து அடுத்த முறை உறையாக்குவார்கள்.

6. வாழை இலையில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் கனத்தில் பொட்டலமாகக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் பை என்றால் ஊசியால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிட வேண்டும். பூசணத்துக்குக் காற்று தேவை. ஆனால் காற்று மிகுந்தால் அது சீக்கிரமே கறுத்து விதை வைத்துவிடும். அளவான காற்றைத் தருவதில் வாழை இலைக்கு நிகர் இல்லை.

7. பொட்டலங்களைச் சுமார் 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பூசணமே வெப்பத்தை வெளியிடத் தொடங்கும். அப்போது மூடி வைத்திருந்தால் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். 24 முதல் 36 மணி நேரத்தில் தெம்பே தயார்.

நல்லதை அறிவது எப்படி?

வெள்ளைப் பூசணம் எல்லாப் பக்கமும் சமமாகப் படர்ந்து, கையில் எடுத்தால் கட்டி உடையாமல் நிற்பது நல்ல தெம்பே. துளைகளின் அருகே சாம்பல் அல்லது கறுப்பு நிறம் தெரிந்தால் அது பூசணம் விதை வைத்ததன் அடையாளம், கெடுதல் இல்லை. இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் படர்ந்தாலோ, நூல் விட்டுப் பிசுபிசுத்தாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ குப்பைக்குழியில் போட வேண்டும். அறை வெப்பத்தில் ஒரு நாள், இரண்டு நாள் தாங்கும். குளிர்பெட்டியில் ஐந்தாறு நாள் இருக்கும். எப்போதும் சமைத்தே உண்ண வேண்டும்.

சோறு வேகும் நேரத்தில் நான்கு வகை

ஜாவாவின் எளிய வீடுகளில் இரவு உணவு என்றால் சோறு, ஒரு காய்கறி, தெம்பே, அம்மியில் அரைத்த மிளகாய்ச் 'சம்பல்' ஆகியவையே. உலையில் அரிசி போட்டபின் மற்ற வேலை தொடங்கும். சோறு வெந்து இறங்குவதற்குள் மற்றவையும் முடிந்துவிடும். கீழே தரப்படும் அளவுகள் நான்கு பேருக்குப் போதும்.

தெம்பே வறுவல்: 250 கிராம் தெம்பேயை அரை சென்டிமீட்டர் கனத் துண்டுகளாக அரிய வேண்டும். மூன்று பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி தனியா, ஒரு தேக்கரண்டி உப்பு, சிட்டிகை மஞ்சள் ஆகியவற்றை அரைத்து ஒரு கிண்ணம் நீரில் கரைத்து, துண்டுகளை அதில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். நீரை நன்கு வடித்து, காய்ந்த எண்ணெயில் இரு புறமும் பொன்னிறமாக வறுக்க வேண்டும். மூன்று, நான்கு நிமிடம் போதும். எண்ணெயைக் குறைக்க விரும்புவோர் தோசைக் கல்லில் சுட்டெடுக்கலாம். மத்திய ஜாவாவின் பன்யுமாஸ் பகுதியில் மெல்லிய தெம்பேத் தகடுகளை மாவில் தோய்த்து, மொறுமொறுப்பாகும் முன்பே எடுத்துவிடுவார்கள். இந்த அரைவேக்காட்டுப் பலகாரத்துக்கு 'மெண்டோவான்' என்று பெயர்.

காராமணிக்காய் வதக்கல்: ஐந்து சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, நான்கு பச்சை மிளகாயை அரிந்து இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெயில் வதக்க வேண்டும். விரல் நீளம் நறுக்கிய காராமணிக்காய் 150 கிராமும், விரற்கடைத் துண்டுகளாக்கிய தெம்பே 200 கிராமும் சேர்க்க வேண்டும். அரைக் கிண்ணம் நீர், ஒன்றரை மேஜைக்கரண்டி 'கெசாப் மானிஸ்' ஊற்றி, நீர் சுண்டும்வரை கிளறி இறக்கலாம். பத்து நிமிட வேலை இது.

கெசாப் மானிஸ் என்பதும் புளிக்கவைத்த பொருளே. வேகவைத்த கறுப்பு சோயாவில் வேறொரு பூசணத்தை வளர்த்து, உப்பு நீரில் நாள்பட ஊறவைத்து, வடித்த சாற்றைப் பனைவெல்லத்துடன் காய்ச்சி எடுக்கும் கெட்டியான இனிப்புச் சாறு. கிடைக்காத இடத்தில் சோயா சாஸுடன் சம அளவு கருப்பட்டிப் பாகு கலந்துகொள்ளலாம். இதில் உப்பு உண்டு என்பதால் தனியாக உப்புச் சேர்க்குமுன் ருசி பார்க்க வேண்டும்.

லோதே என்னும் தேங்காய்ப்பால் குழம்பு: ஆறு சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, இரண்டு மிளகாய், ஒரு தேக்கரண்டி தனியாவை அரைத்துச் சிறிது எண்ணெயில் வதக்க வேண்டும். ஒரு துண்டு பேரரத்தையைத் தட்டிப் போட வேண்டும். மூன்று கிண்ணம் இரண்டாம் தேங்காய்ப்பால் ஊற்றி, சௌசௌ, கத்தரிக்காய், காராமணிக்காய், தெம்பேச் சதுரங்கள் 150 கிராம் ஆகியவற்றைப் போட்டு வேகவைக்க வேண்டும். காய் வெந்ததும் ஒரு கிண்ணம் முதற்பால் ஊற்றி, திரிந்துவிடாமல் கிளறி, ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும். மொத்தம் இருபது நிமிடம். ஒரே பாத்திரத்தில் காயும் புரதமும் சேர்ந்துவிடுவதால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது.

தெம்பேச் சம்பல்: மிளகாய், பூண்டு, உப்பை அம்மியில் நசுக்கி, வறுத்த தெம்பேத் துண்டுகளை அதன்மேல் வைத்துக் குழவியால் ஒரு அழுத்து அழுத்தினால் சம்பல் முடிந்தது. விரும்புவோர் சுட்ட 'தெராசி' சிறிது சேர்ப்பார்கள். தெராசி என்பது உப்பிட்டுப் புளிக்கவைத்த இறால் விழுது. அது இல்லாமலும் சம்பல் நன்றாகவே இருக்கும். இரண்டு நாள் கூடுதலாகப் பழுத்துக் காரமணம் ஏறிய தெம்பேயையும் ஜாவாப் பெண்கள் வீணாக்குவதில்லை. அதைச் சம்பலுக்கும் குழம்புக்கும் சுவை கூட்டும் பொருளாக்கிவிடுகிறார்கள். கிழக்கு ஜாவாவின் கெதிரி நகரம் இவ்வகைச் சம்பலுக்குப் பேர்போனது.

விடுமுறை நாளில் ஓய்வாகச் செய்துவைத்து, வார நாள்களில் எடுத்துப் பயன்படுத்த 'பாசெம்' என்ற வகையும் உண்டு. 400 கிராம் தெம்பேயைப் பெரிய துண்டுகளாக்கி, இரண்டு கிண்ணம் இளநீர், 75 கிராம் கருப்பட்டி, நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு தேக்கரண்டி தனியா, ஐந்து சின்ன வெங்காயம் அரைத்த விழுது, உப்பு சேர்த்து, நீர் வற்றும்வரை சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவைக்க வேண்டும். குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். வேண்டும்போது இரண்டு நிமிடம் வறுத்துப் பரிமாறலாம்.

தோலும் நீரும் மாட்டுக்கு

தெம்பே செய்வதில் வீணாகும் பொருள் குறைவு. களைந்த தோலும் ஊறல் நீரும் கால்நடைக்கு ஆகின்றன. கிழக்கு ஜாவாவின் மாலாங் நகரில் சானான் என்ற பகுதி தெம்பேத் தொழிலுக்கும் தெம்பே வற்றலுக்கும் பெயர் பெற்றது. அங்குத் தெம்பே செய்யும் குடும்பங்கள் பல, அந்தக் கழிவைக் கொண்டே கறி மாடு வளர்க்கின்றன.

சோயா இல்லாமலும் தெம்பே உண்டு. யோக்யகர்த்தா பகுதியில் பூனைக்காலி விதையைப் பல முறை நீர் மாற்றி ஊறவைத்து, நச்சுப் பொருளை நீக்கித் தெம்பேயாக்குகிறார்கள். நம் பக்கத்தில் தீவன மரமாக வளர்க்கும் சவுண்டல் விதையிலும், சோயாக்கட்டி செய்தபின் மிஞ்சும் சக்கையிலும்கூட அங்கே தெம்பே செய்யப்படுகிறது. தட்டைப்பயறு போன்ற வீட்டுப் பயறுகளிலும் செய்ய முடியும். ஆனால் பூனைக்காலி, சவுண்டல் விதைகளில் அனுபவமில்லாதவர்கள் இறங்கக் கூடாது.

உயிர் குடித்த மலிவு

புளிக்கவைக்கும் தொழிலில் ஓர் எச்சரிக்கையையும் ஜாவாவே தருகிறது. பன்யுமாஸ் பகுதியின் ஏழை மக்கள், சோயா வாங்க முடியாத நாளில், எண்ணெய் எடுத்த தேங்காய்ச் சக்கையைக் கொண்டு 'தெம்பே பொங்க்ரெக்' செய்தார்கள். தேங்காய்ச் சக்கையில் சில நேரங்களில் ஒருவகை பாக்டீரியா பூசணத்தை மீறி வளர்ந்து, 'பொங்க்ரெக் அமிலம்' என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கிவிடும். அந்த நஞ்சுக்கு நாற்றமோ சுவையோ இல்லை. சமையல் சூட்டில் அது அழிவதும் இல்லை. 1930-களில் மெர்டென்ஸ், வான் வீன் ஆகிய டச்சு ஆராய்ச்சியாளர்கள் இதன் காரணத்தைக் கண்டறிந்தனர். அதன் பிறகும் சாவு நிற்கவில்லை. 1951 முதல் பின்வந்த ஆண்டுகளில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இதனால் உயிரிழந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. 1988-இல் இந்தோனேசிய அரசு பொங்க்ரெக் தயாரிப்பைத் தடை செய்தது.

சோயாத் தெம்பேயில் இந்த ஆபத்து காணப்பட்டதில்லை. ஆயினும் தேங்காய்ச் சக்கை, தேங்காய்ப் பிண்ணாக்கு, துருவிய தேங்காய் ஆகியவற்றைத் தெம்பேக்கான பருப்புடன் கலந்து புளிக்கவைக்கவே கூடாது. சமைக்கும்போது தேங்காய்ப்பால் சேர்ப்பதில் கெடுதல் இல்லை. புளிக்கும்போது சேர்ப்பதுதான் ஆபத்து.

தட்டு ஜாவாவில், விதை வெளிநாட்டில்

ஜாவாவில் சோயா பெரும்பாலும் நெல்லுக்குப் பின் வரும் பயிர். அறுவடையான வயலில், உழாமல், தாளடியை ஒட்டிக் குழியிட்டு விதை ஊன்றி, எஞ்சிய ஈரத்தில் விளையவைப்பது அங்குள்ள வழக்கம். காவிரிப் படுகையில் நெல் தரிசில் உளுந்து விதைக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மத்திய ஜாவாவின் குரோபோகான் மாவட்டம் இப்பயிருக்குப் பேர்பெற்றது. அதன் பெயரிலேயே 2008-இல் வெளியிடப்பட்ட ரகம் ஏறக்குறைய 76 நாளில் அறுவடைக்கு வருகிறது, விதையும் பெரியது.

1992-இல் இந்தோனேசியாவில் சோயா விளைச்சல் 18 லட்சம் டன்னைத் தாண்டியது. அதுவே உச்சம். 1998-இல் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடு விலகியதும், கப்பலில் மலிவாக வந்து இறங்கிய வெளிநாட்டு விதையுடன் ஜாவா விவசாயி போட்டியிட முடியவில்லை. நெல்லுக்குப் பின் மக்காச்சோளமும் பிற பயிர்களும் சோயாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்று அந்நாடு ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் சோயா இறக்குமதி செய்கிறது. பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. பெரிய, சீரான விதை கிடைப்பதால் தெம்பே செய்பவர்களும் அதையே வாங்கிப் பழகிவிட்டார்கள்.

இதன் விளைவு சமையலறை வரை எட்டுகிறது. உலகச் சந்தையில் சோயா விலை ஏறும்போதெல்லாம் ஜாவாவின் தெம்பேத் தொழிலாளிக்கு நெருக்கடி வருகிறது. 2008 ஜனவரியில் தெம்பே, சோயாக்கட்டி செய்பவர்கள் தலைநகர் ஜகார்த்தாவில் திரண்டு முறையிட்டனர். 2012 ஜூலையிலும், 2021 ஜனவரித் தொடக்கத்திலும், 2022 பிப்ரவரியிலும் தயாரிப்பை நிறுத்தி எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்நாள்களில் சந்தையில் தெம்பே கிடைப்பது அரிதானது. விலையை ஏற்றினால் வாங்குபவர் திரும்பிவிடுவார் என்று பலர் கட்டியின் அளவைச் சுருக்கினார்கள். ஏழையின் புரதம் என்று பெயர் பெற்ற உணவு, அவன் தட்டிலேயே சிறுத்துப் போயிற்று.

1979 முதல் தெம்பே செய்பவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து விதை வாங்கி வருகிறார்கள். ஆனால் விதையை விளைவிக்கும் விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காதவரை, வாங்குபவரின் சங்கம் மட்டும் முழுத் தீர்வாகாது என்பதையே இந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

நம் விவசாயிகளுக்கு

மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்குத் தெம்பே அன்னியமானதன்று. அங்குள்ள சந்தைகளில் இலைப் பொட்டலமாக விற்கும் தெம்பேயை வாங்கி, நம் வழக்கப்படி கடுகு, கறிவேப்பிலை தாளித்து வறுவலாகவும் புளிக்குழம்பாகவும் சமைப்பதுண்டு. நம் நாட்டிலும் பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் சிறு அளவில் தெம்பே தயாரித்து விற்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் சோயா பரவலான பயிர் அல்ல. எனினும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2, கோ 3 ரகங்கள் 75 முதல் 90 நாளில் விளைபவை. தனிப்பயிராகவும் ஊடுபயிராகவும் இவை ஏற்றவை. வேரில் தழைச்சத்தைச் சேர்ப்பதால் அடுத்த பயிருக்கும் நன்மை. விளைந்ததில் அரை மூட்டையை வீட்டுக்கு ஒதுக்கினால்கூட ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் வரும். வாரம் ஒரு கிலோ தெம்பே செய்ய அறுநூறு கிராம் விதை போதும்.

முயல விரும்புவோர் முதலில் கால் கிலோ விதையில் செய்து பார்ப்பது நல்லது. நம்பகமான இடத்தில் வாங்கிய உறைப்பொடியையே பயன்படுத்த வேண்டும். வீட்டில் தானே பிடிக்கும் பூசணத்தை நம்பிச் செய்யக் கூடாது. தை, மாசி மாதங்களின் பருவம் தெம்பேக்கு இதமானது. கோடையில் பொட்டலங்களை வீட்டின் குளிர்ந்த மூலையில், மணல்மேல் வைத்த பலகையில் பரப்பினால் அதிகச் சூடேறுவதைத் தவிர்க்கலாம். மாதர் சங்கங்களும் சுய உதவிக் குழுக்களும் சேர்ந்து செய்தால் தோல் களையும் வேலை எளிதாகும். ஒரு வீட்டுத் தேவைக்கு மேல் செய்தவற்றை அன்றன்றே விற்றும் விடலாம்.

வெள்ளிக்கிழமை இரவு விதையை ஊறப்போட்டு, சனிக்கிழமை காலையில் வேகவைத்துக் கட்டிவைத்தால், ஞாயிறு மாலைக்குள் தெம்பே எடுக்கலாம். அடுத்து வரும் வார நாள்களில், சோறு வேகும் நேரத்துக்குள் பிள்ளைகளின் தட்டுக்குப் புரதம் தயார். தன் நிலத்தில் விளைந்த பயறு ஆலைக்கு மட்டும் போகாமல் தன் வீட்டு அடுப்புக்கும் வர, இது ஒரு எளிய வழியாகும்.